நாற்பதும் ஒருவன்

பார்த்தாங் ஆறு முறுக்கிக்கொள்ளும் இடத்தில்
பாலம் இல்லை, இரும்புக் கயிறுதான்.
இலைப் பொட்டலங்களைப் பல்லில் கவ்வியபடி
குர்போனாசென் முதலில் தொங்கிப் போனார்.
ஜீப் ஓட்ட மட்டுமே அவருக்குச் சம்பளம்.

அங்காத் புதர்.
வெள்ளி பூசிய ஒல்லி இலை.
கேட்காமல் ரத்தம் எடுக்கும் முள்.
பனி விழுந்த பிறகும் கிளையை விடாத
ஆரஞ்சு நிறப் புளிப்பு.
ஆண் செடி வேறு, பெண் செடி வேறு.
தேனீயை நம்பாது;
காற்றுதான் தரகு.

செடிக்கு ஐந்து இலை,
முப்பதடிக்கு ஒரு செடி,
பதினொரு பள்ளத்தாக்கு.
பொட்டலத்துள் நீல மணிகள்;
அவை இளஞ்சிவப்பானால்
ஈரம் புகுந்துவிட்டது, இலை செத்தது,
அந்த மலைக்கு மறுபடி ஏறு.

கொரோக்கில் மின்சாரம் நிலைக்கும் இரவு பார்த்து
கூழ்த்தட்டில் ஓடவிட்டோம்.
ஊதா வெளிச்சத்தில் ஏணி ஏணியாய்க் கோடுகள்.
வாகான் செடிகள் சந்தை மாதிரி,
ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்கு ஒட்டவில்லை.
ஷாக்தாராவில் மேல்கரை ஒரு குலம்,
கீழ்கரை இன்னொன்று,
நடுவில் ஆறு பேச்சுவார்த்தை நடத்துகிறது.
நிஷூர் கிராமத்தின் நாற்பதும்
ஒரே ஏணி.
ஒரு படிகூட மாறவில்லை.

குழாய்களைக் குழப்பிவிட்டாய் என்று
மவ்ஜிகுலைக் கடிந்தேன்.
அவள் பதில் சொல்லாமல் எல்லாவற்றையும்
மூன்று முறை திரும்பச் செய்தாள்.
மூன்று முறையும் அதே.
மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்
அவளுக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்தேன்.

சித்திரையில் நிஷூருக்குத் திரும்பினோம்.
கரை முழுக்க மஞ்சள் தூசி பறந்தது.
“இருபத்தேழு வசந்தமாகப் பூக்கிறது,
ஒரு காய் இல்லை.
யார் இட்ட சாபமோ” என்றாள் கிம்மத்மோ.
சாபம் இல்லை என்றேன்.
மண்ணுக்கடியில் வேர் ஓடி ஓடி
ஒரே செடி நாற்பது இடத்தில் தலை நீட்டியிருக்கிறது.
அதுவும் ஆண்.

பெண்கள் சிரித்த சிரிப்பில்
ஆடுகள் மிரண்டன.
“நாற்பது இடத்தில் நிற்பான்,
ஒரு வேலைக்கும் ஆக மாட்டான்.
அவனை எங்களுக்குத் தெரியும்!”

குர்போனாசென் சிரிக்கவில்லை.
டயரை உதைத்துப் பார்த்தார்.
காற்று சரியாகத்தான் இருந்தது.

“பாதை அடைபட்ட குளிர்காலம் அது.
நிலக்கரி லாரி வரவில்லை.
முதலில் நாற்காலிகள்.
பிறகு உள்கதவு.
பிறகு இந்தக் கரை.
நாங்கள் ஆண் பெண் பார்த்து வெட்டவில்லை.
பாறைக்குப் பின்னால் ஒன்று தப்பியது,
கோடரி எட்டவில்லை, அவ்வளவுதான்.
ஒன்பதாம் நாள் அடுப்புப் பக்கத்தில்
என் மகள் பிறந்தாள்.”

இது அவர் மனைவியின் ஊர் என்று
ஆறு மாதம் ஒரே ஜீப்பில் போனவர்
அன்றுதான் சொன்னார்.

அறிக்கையில் ஒரு கட்டம்:
வேறுபாடு. பூஜ்யம் என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: காரணம்.
விறகு என்று எழுதி அடித்தேன்.
குளிர் என்று எழுதி அடித்தேன்.
மகளின் பெயரைக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
கட்டம் இன்னும் காலி.

பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து
பெண் கன்று கொண்டுவர அனுமதி கேட்டு
தலைநகருக்கு எழுதினேன்.
குலங்களைக் கலக்கலாகாது, பதிவு கெடும்,
குழு கூடி யோசிக்கும் என்று பதில் வந்தது.
அதுவும் நியாயம்தான்.
அந்த வரியைப் போன வருஷம்
நானே அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

அடுத்த வைகாசி.
பாறைக்குப் பின்னால் மூன்று கன்றுகள்,
ஆடு கடிக்காமல் கல் அடுக்கி,
சிவப்புத் துணி கட்டி.
எந்த ஆற்றின் மகள்கள் என்று கேட்டேன்.
கிம்மத்மோ வானத்தைப் பார்த்தாள்.
மவ்ஜிகுல் தரையைப் பார்த்தாள்.
குர்போனாசென் டயரை உதைத்தார்.

பழக்கத்தில் பொட்டலத்தைப் பிரித்துக்
குனிந்தேன், ஐந்து இலை எடுக்க.
சின்னதுக்கு மொத்தமே
நான்குதான் இருந்தது.